நான்கு பழைய கணினிகளைச் சேர்த்தால் ஒரு பெரிய டிஸ்க் ஆகிவிடுமா?

மதுரை அண்ணா நகரில் திருமண வீடியோ எடுத்துத் தொகுத்துக் கொடுக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் சுமார் 9 டிபி அளவுக்குக் காட்சிகள் பல ஹார்டு டிஸ்க்குகளில் சிதறிக் கிடக்கின்றன. பழைய கணினிகள் நான்கை எடுத்து, ஒவ்வொன்றிலும் 8 டிபி டிஸ்க் போட்டு, செஃப் (Ceph) அல்லது குளஸ்டர் (Gluster) என்ற மென்பொருளை நிறுவினால் 32 டிபி கொண்ட ஒரே டிஸ்க் போல வேலை செய்யும், கூகுளும் இப்படித்தான் வைத்திருக்கிறது என்று கணினிக் கடையில் சொல்கிறார்கள். இந்தப் பரவல் கோப்பு முறைமை நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் ஃபைல் சிஸ்டத்திலிருந்து எதில் வேறுபடுகிறது? எனக்கு அது சரிப்படுமா?" ஒரே கேள்வியாகத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன என்பது முதலாவது. அந்த 32 டிபி உண்மையிலேயே கைக்கு வருமா என்பது அடுத்தது. மூன்றாவதை அவர் எழுதவில்லை. ஆனால் அவரை உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு வீட்டுத் தாலி கட்டும் காட்சி டிஸ்க்கோடு போய்விட்டால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

மதுரை, திண்டுக்கல், விருதுநகர் வட்டாரத்து மருத்துவமனைகள், கல்லூரிகள், நூற்பாலைகள் ஆகியவற்றின் சர்வர்களையும் சேமிப்பகங்களையும் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறேன். ஆகவே சிறிய, நடுத்தர அமைப்புகளைப் பற்றிக் கைப்பட்ட அனுபவத்தில் சொல்ல முடியும். கூகுள், ஃபேஸ்புக் அளவுக்கான செய்திகள் அவர்களே வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளில் படித்தவை. அங்கே நான் வேலை பார்த்ததில்லை. எது உறுதி, எது என் கணிப்பு என்பதை ஆங்காங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பழையதை ஒழுங்காகப் பார்த்துவிடுவோம். கேமரா கார்டிலிருந்து 30 ஜிபி காட்சி ஒன்றை டிஸ்க்கில் ஏற்றுகிறீர்கள். ஃபைல் சிஸ்டம் அதைப் பெரும்பாலும் 4,096 பைட் அளவுள்ள பிளாக்குகளாகப் பிரித்துக் காலி இடங்களில் வைக்கிறது. எந்தெந்த பிளாக் இந்தக் கோப்புக்குரியது, அளவு என்ன, உரிமையாளர் யார், கடைசியாக எப்போது மாறியது என்பதையெல்லாம் லினக்ஸில் ஐநோடு என்னும் பதிவு வைத்திருக்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் மாஸ்டர் ஃபைல் டேபிள் அந்த வேலையைச் செய்யும். லினக்ஸில் கோப்பின் பெயர் ஐநோடில்கூட இருக்காது. ஃபோல்டரில் 'இந்தப் பெயருக்கு இந்த எண்' என்று ஒரு வரியாக இருக்கும். அதனால்தான் அதே டிஸ்க்கில் ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு அந்த 30 ஜிபியை இழுத்துப் போட்டால் கண் இமைக்கும் நேரத்தில் போய்விடுகிறது. காட்சி அசையவே இல்லை, ஒரு வரி மட்டும் இடம் மாறியது. வேறு டிஸ்க்குக்கு இழுத்தால்தான் டீ குடித்துவிட்டு வர வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் சுலபமாக நடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த டிஸ்க்குக்கு ஒரே ஓர் எஜமான்தான்: உங்கள் கணினியில் ஓடும் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி. இரண்டு மென்பொருள்கள் ஒரே கோப்பைத் தொட்டால் யார் முதலில் என்று அதுவே தன் ரேமில் முடிவு செய்துவிடும். யாரையும் கேட்க வேண்டியதில்லை. மின்சாரம் போனால் கெர்னல், ரேம், டிஸ்க் எல்லாம் ஒரே கணத்தில் நின்றுவிடும். பாதி உயிரோடு பாதி செத்த நிலை என்பது அங்கே அநேகமாகக் கிடையாது. மறுபடி இயக்கும்போது லினக்ஸின் இஎக்ஸ்டி4, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டங்கள், செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் தங்கள் ஜர்னலைப் புரட்டி, அரைகுறையாக நின்ற கட்டமைப்பு மாற்றங்களைச் சரிசெய்துகொள்ளும். (ஜர்னல் காப்பாற்றுவது பெரும்பாலும் கட்டமைப்பைத்தான். 'சேமித்தாயிற்று' என்று திரையில் வந்த பிறகும் தரவு சில வினாடிகள் ரேமிலேயே இருக்கக்கூடும். பென் டிரைவைச் சட்டென்று பிடுங்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.)

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஸ்டூடியோவில் எல்லாக் கணினிகளும் பார்க்கும்படி ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்பகப் பெட்டி) வைத்தால் அது பரவல் சேமிப்பகம் ஆகிவிடாது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் கொண்டுவந்த என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறை ஆனாலும் சரி, விண்டோஸ் பகிர்வு ஆனாலும் சரி, கேபிளின் மறுமுனையில் இருப்பது ஒரே பெட்டி, ஒரே கெர்னல், ஒரே ஃபைல் சிஸ்டம்தான். ரெய்டும் அப்படியே. பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988-இல் விளக்கிய அந்த உத்தி, பல டிஸ்க்குகளை ஒன்றாகக் காட்டி ஒரு டிஸ்க்கின் சாவைத் தாங்குகிறது. பெட்டியின் மதர்போர்டு போனால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. நான் பார்த்தவரை, பரவல் சேமிப்பகம் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியிருந்தது ஒரு நல்ல நாஸ்தான்.

பரவல் கோப்பு முறைமை தொடங்கும் இடம் வேறு. ஒரு கோப்பின் துண்டுகள் பல கணினிகளில் இருக்கின்றன. அவற்றில் ஏதோ ஒன்று எப்போது வேண்டுமானாலும் சாகலாம், மற்றவை தொடர்ந்து வேலை செய்ய வேண்டும். கீழமாசி வீதி மொத்தக் கடையில் சரக்கு பின்கட்டிலேயே இருந்தால் முதலாளி எட்டிப் பார்த்து 'இருக்கிறது, இல்லை' என்று சொல்லிவிடுவார். சரக்கு ஊரெங்கும் பத்துக் கிடங்குகளில் இருந்தால் பேரேடும் கணக்குப்பிள்ளையும் தேவை. தொலைபேசியை எடுக்காத கிடங்கில் தீப்பிடித்ததா, ஆள் சாப்பிடப் போனாரா என்பதும் தெரியாது. அந்தக் கடைசி வரிதான் முக்கியம். நெட்வொர்க்கில் பதில் வராத கணினி செத்துவிட்டதா, மெதுவாக இருக்கிறதா, நடுவில் கேபிள் போய்விட்டதா என்று இங்கிருந்தபடி நிச்சயமாகச் சொல்ல வழியே இல்லை. இரு வகைக்கும் உள்ள மற்ற எல்லா வேறுபாடுகளும் இந்த ஒன்றிலிருந்து முளைத்தவை என்பது என் கருத்து.

கூகுள் தன் கோப்பு முறைமையைப் பற்றி 2003-இல் வெளியிட்ட கட்டுரை இதை வெளிப்படையாகவே எடுத்துக்கொண்டது. சாதாரண விலைக் கணினிகளை ஆயிரக்கணக்கில் அடுக்கினால் ஏதாவது ஒன்று எப்போதும் பழுதாகத்தான் இருக்கும். ஆகவே பழுதை விதிவிலக்காக நினைக்காமல் அன்றாட நடப்பாக வைத்தே வடிவமைத்தார்கள். கோப்பை 64 எம்பி துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் வழக்கமாக மூன்று கணினிகளில் வைத்தார்கள். எந்தத் துண்டு எங்கே என்ற பேரேட்டை மட்டும் மாஸ்டர் என்னும் ஒரு கணினி தன் ரேமில் வைத்திருந்தது. தரவு அந்த மாஸ்டர் வழியாகப் போகாது. முகவரியை மட்டும் கேட்டுக்கொண்டு நேரே துண்டு இருக்கும் கணினிக்குப் போக வேண்டும். அந்தக் கட்டுரையைப் பின்பற்றி எழுந்ததுதான் ஹடூப் என்ற பெருந்தரவு மென்பொருளின் எச்டிஎஃப்எஸ். அங்கே பேரேடு வைத்திருப்பது நேம்நோடு.

துண்டு ஏன் அவ்வளவு பெரிது? உங்கள் 30 ஜிபி காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 4,096 பைட் பிளாக்காக எண்ணினால் சுமார் 78 லட்சம் வருகிறது. ஒற்றை டிஸ்க்கில் அது பொருட்டில்லை. அடுத்தடுத்து இருக்கும் பிளாக்குகளை இஎக்ஸ்டி4 ஒரே வரியில் சுருக்கிக் குறித்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு துண்டும் எந்த மூன்று கணினிகளில் இருக்கிறது என்று தனித்தனியாக நினைவில் வைக்க வேண்டியவருக்கு 78 லட்சம் வரி கட்டுப்படியாகாது. 64 எம்பி என்றால் 480 வரிதான். எச்டிஎஃப்எஸ்ஸின் இன்றைய வழக்கமான 128 எம்பி என்றால் 240. இதற்கு மறுபக்கமும் உண்டு. நேம்நோடில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் ஏறக்குறைய 150 பைட் ரேம் செலவாகும் என்பது அந்தத் தொழிலில் புழங்கும் உத்தேசக் கணக்கு. ஒரு கோடிச் சின்னக் கோப்புகளைப் போட்டால், ஒவ்வொன்றும் சில கேபிதான் என்றாலும், பேரேடு மட்டுமே 3 ஜிபி ரேமைத் தின்றுவிடும். ஃபேஸ்புக் தன் கோடானுகோடிப் படங்களுக்காக ஹேஸ்டாக் என்று தனியாக ஒன்றைக் கட்டி 2010-இல் கட்டுரை வெளியிட்டதற்கும் சிறு கோப்புகளின் தொல்லையே காரணம்: படம் ஒன்றைப் படிப்பதற்கு முன் அது எங்கே என்று தேடுவதற்கே டிஸ்க்கைப் பலமுறை அணுக வேண்டியிருந்தது.

கணக்குப்பிள்ளையே வேண்டாம் என்று போன வடிவமைப்புகளும் உண்டு. உங்கள் கடைக்காரர் சொன்ன இரண்டும் அந்த வகை. குளஸ்டர் கோப்பின் பெயரை ஒரு கணக்கில் போட்டு, அதில் வரும் எண்ணை வைத்து எந்தப் பெட்டி என்று முடிவு செய்கிறது. செஃப், சேஜ் வைல் கலிஃபோர்னியாவில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது உருவாக்கியது, 2006-இல் கட்டுரையாக வந்தது. அதுவும் கிரஷ் என்ற கணக்கால் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. யாரையும் கேட்காமல் ஒவ்வொரு கணினியும் தானே கணக்குப் போட்டு ஒரே விடைக்கு வந்துசேரும். குளஸ்டரைத் தொடங்கிய ஆனந்த் பாபு பெரியசாமி நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட் 2011-இல் அவருடைய குளஸ்டர் நிறுவனத்தை வாங்கியது. பின்னர் அதன் வணிகப் பதிப்பை 2024 இறுதியோடு நிறுத்திக்கொண்டது. புதிதாக ஒன்றைத் தொடங்குகிறவர் இந்தப் பிந்தைய செய்தியையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இனி எழுதும் வேகத்துக்கு வருவோம். ஸ்டூடியோவில் நீங்கள் முதலில் உணரப்போவது இதைத்தான். உங்கள் சுவிட்சு சாதாரண கிகாபிட் வகை என்று வைத்துக்கொள்கிறேன். ஏட்டளவில் வினாடிக்கு 125 எம்பி, நடைமுறையில் 110 கிடைக்கும். குளஸ்டரில் மூன்று பிரதிகள் வைத்தால் அந்த மூன்றையும் அனுப்புவது உங்கள் தொகுப்புக் கணினியேதான். ஒரே கேபிளில் மூன்று முறை போவதால் உங்களுக்குக் கிடைப்பது 40 எம்பிக்குள். செஃப்பில் நீங்கள் ஒரு பிரதியை ஒரு பெட்டிக்கு அனுப்பினால் போதும், அது மற்ற இரண்டுக்கும் அனுப்பி, அவை 'எழுதிவிட்டோம்' என்ற பிறகே உங்களுக்குச் சொல்லும். கேபிள் மிச்சம், காத்திருப்பு கூடுதல். ஆக, மேசையடியில் இருக்கும் ஒற்றை ஹார்டு டிஸ்க்கே நீளமான காட்சிகளை எழுதுவதில் இந்த நான்கு பெட்டி அமைப்பைவிட வேகமாக இருந்துவிடலாம். கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

பதில் வராத கணினியைப் பற்றி மேலே சொன்னது எப்படி வினையாகும் என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஸ்கேன் மையத்தில், வேறு யாரோ அமைத்துக் கொடுத்த இரண்டு சர்வர் குளஸ்டர். தரைத்தளத்தில் ஒன்று, மாடியில் ஒன்று, இரண்டிலும் அதே கோப்புகளின் ஒவ்வொரு பிரதி. மாடிப்படி ஓரமாக ஓடிய கேபிளை ஒருநாள் எலி கடித்துவிட்டது. இரண்டு சர்வர்களும் நன்றாகத்தான் இருந்தன. ஒன்றுக்கு மற்றது தெரியவில்லை, அவ்வளவுதான். கீழே இருந்தவர்கள் கீழ்ச் சர்வரில் நோயாளிகளின் அறிக்கையைத் திருத்தினார்கள். மாடியில் இருந்த மருத்துவர்கள் அதே அறிக்கைகளை மேல் சர்வரில் திருத்தினார்கள். கேபிளை மாற்றி இணைத்ததும் அந்தக் கோப்புகளைத் திறந்தால் 'இன்புட் அவுட்புட் எரர்' என்று வந்தது. கோப்பு கெடவில்லை. எது உண்மை என்று தனக்குத் தெரியாததால் குளஸ்டர் கொடுக்க மறுத்தது, அதுவே நேர்மையான நடத்தை. கடைசியில் ஒரு மருத்துவரும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு அறிக்கையாக இரண்டு வடிவத்தையும் திறந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தோம்.

தொழிலில் இதை ஸ்பிளிட் பிரெயின் என்பார்கள். மருந்து பெரும்பான்மை. மூன்றாவதாக ஒருவர் இருந்தால், இருவர் இருக்கும் பக்கம் மட்டும் எழுத அனுமதி. தனித்துவிடப்பட்டவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பெட்டிகளை ஒற்றைப்படையில் வைக்கச் சொல்வதும், செஃப்பில் மானிட்டர்கள் (யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று கண்காணிக்கும் நிரல்கள்) குறைந்தது மூன்று வேண்டும் என்பதும் இதனால்தான். கவனியுங்கள்: தனித்துவிடப்பட்ட பக்கத்தில் இருப்பவருக்கு, அவருடைய பெட்டி நன்றாக இருந்தும், வேலை நின்றுவிடும். நெட்வொர்க் துண்டாகும் நேரத்தில் 'எல்லோரும் ஒரே உண்மையைப் பார்ப்பது', 'எல்லோருக்கும் எப்போதும் பதில் கிடைப்பது' இரண்டையும் சேர்த்துப் பெற முடியாது என்று கணினி அறிவியலாளர் எரிக் புரூவர் 2000-இல் முன்வைத்தார். கில்பர்ட்டும் லின்ச்சும் 2002-இல் அதைக் கணித முறையில் நிறுவினார்கள். எவ்வளவு பணம் கொட்டினாலும் தாண்ட முடியாத எல்லை இது. ஒற்றைக் கணினி ஃபைல் சிஸ்டத்துக்கு இந்தக் கவலையே இல்லாததால் அதைப் பயன்படுத்திப் பழகிய நமக்கு இது உறைப்பதில்லை.

இந்தச் சிக்கல்களையெல்லாம் சமாளிக்கப் பல பரவல் அமைப்புகள் வாக்குறுதிகளைக் குறைத்துக்கொள்கின்றன. எச்டிஎஃப்எஸ்ஸில் எழுதிய கோப்பின் நடுவே போய்த் திருத்த முடியாது. கடைசியில் சேர்க்கலாம், இல்லாவிட்டால் முழுவதையும் மறுபடி எழுத வேண்டும். அமேசானின் இணையச் சேமிப்புச் சேவையான எஸ்3 2006-இல் வந்தது. அதில் நீங்கள் பார்க்கும் ஃபோல்டர் பெரும்பாலும் ஒரு தோற்றம்தான்: நீளமான பெயரில் சாய்கோடு இருந்தால் திரையில் ஃபோல்டராகக் காட்டுகிறார்கள். அங்கே ஃபோல்டர் பெயரை மாற்றுவது என்றால் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் புதுப் பெயரில் பிரதியெடுத்துப் பழையதை அழிக்க வேண்டும். ஏற்கெனவே இருந்த கோப்பின்மீது புதியதை எழுதிவிட்டு உடனே படித்தால் பழையதே வரும் வாய்ப்புகூட 2020 டிசம்பர் வரை இருந்தது. அதன் பிறகு அதைச் சரிசெய்துவிட்டார்கள். செஃப்பின் கோப்பு முறைமையான செஃப்எஃப்எஸ் போன்றவை வழக்கமான ஃபைல் சிஸ்டம் போலவே நடந்துகொள்ள முயல்கின்றன, பெரும்பாலும் வெற்றியும் பெறுகின்றன. ஆனால் ஒவ்வொரு விசாரணையும் நெட்வொர்க் வழியாகப் போய்வர வேண்டும். உங்கள் தொகுப்பு மென்பொருள் ஒரு திருமணத்துக்கே ஆயிரக்கணக்கில் சிறு கேஷ் (தற்காலிக) கோப்புகளை உருவாக்கும். 20,000 கோப்புகள், ஒவ்வொன்றையும் விசாரிக்க அரை மில்லிவினாடி என்றால் ஃபோல்டர் திறக்கவே 10 வினாடி. தொகுதியாகக் கேட்டு இதைக் குறைக்கும் உத்திகள் உண்டு. உங்கள் மென்பொருளில் எவ்வளவு குறையும் என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அப்படியானால் இதனால் என்னதான் லாபம்? மீட்சியில்தான் இது உண்மையிலேயே ஜொலிக்கிறது. ஒரு நாஸில் 12 டிபி டிஸ்க் ஒன்று செத்தால், புது டிஸ்க் ஒன்றே அவ்வளவையும் வாங்கி எழுத வேண்டும். வினாடிக்கு 200 எம்பி வேகத்தில் எழுதினாலும் ஏறக்குறைய 17 மணி நேரம். நூறு கணினி கொண்ட அமைப்பில் செத்த டிஸ்க்கின் துண்டுகளுக்கான மற்றப் பிரதிகள் நூறு இடத்திலும் பரவியிருக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி, அந்த வேலையைச் சிறிது நேரத்தில் முடித்துவிடும். யாரும் நள்ளிரவில் எழுந்து ஓட வேண்டியதில்லை. அளவு கூடக் கூட வேகமும் கூடும் என்பதும், பெட்டி சேர்த்தால் இடம் தானாக விரியும் என்பதும் பொய்யல்ல. ஆனால் இந்த லாபம் எண்ணிக்கையில் இருக்கிறது. நான்கு பெட்டியில் அது கிட்டத்தட்ட இல்லை.

இப்போது அந்த 32 டிபிக்கு வருவோம். இதில் ஐயத்துக்கு இடமில்லை, வெறும் வகுத்தல்தான். மூன்று பிரதிகள் என்றால் 32-ஐ மூன்றால் வகுக்க வேண்டும், சுமார் 10.7 டிபி. ஒரு பெட்டி செத்தால் மீதி மூன்று பெட்டிகளும் ஆளுக்கொரு முழுப் பிரதியைத் தாங்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 8 டிபிதான் இருக்கிறது, ஆகவே எல்லை 8. செஃப் இயல்பாக டிஸ்க் 85 சதவீதம் நிறைந்ததும் எச்சரிக்கும், 95-ஐத் தொட்டால் எழுதுவதையே நிறுத்திவிடும். நிம்மதியாக இருக்க வேண்டுமானால் 6.8 டிபியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உங்களிடம் ஏற்கெனவே 9 டிபி இருக்கிறது. 32 டிபிக்குப் பணம் கொடுத்து, கையில் இருப்பதைக்கூட வைக்க முடியாமல் நிற்பீர்கள். இரண்டு பிரதி போதும் என்று குறைத்தால் இடம் கிடைக்கும், ஆனால் ஒரு பெட்டி பழுதான நேரத்தில் இன்னொரு டிஸ்க் பழுதானால் கதை முடிந்தது. பிரதிக்குப் பதில் ரீட்-சாலமன் என்ற 1960-ஆம் ஆண்டுக் கணித உத்தியால் இடத்தை மிச்சப்படுத்தலாம்: ஆறு துண்டுத் தரவுக்கு மூன்று துண்டு உபரி, எந்த மூன்று போனாலும் மீட்கலாம், செலவு ஒன்றரை மடங்குதான். அதற்கு ஒன்பது பெட்டிகள் வேண்டும். இன்னொன்று, செஃப் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இயல்பாக 4 ஜிபி ரேமை இலக்காக வைத்து ஓடும். மொத்தமே 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினிகளில் இது மூச்சுத் திணறும்.

மதுரைக்கே உரிய ஒரு சங்கடத்தையும் சேர்க்கிறேன். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் நான்கு பெட்டியும் ஒரு சுவிட்சும் யுபிஎஸ்ஸில் எவ்வளவு நேரம் தாங்கும்? எல்லாம் ஒன்றாக அணைந்து ஒன்றாக எழுந்தால் கவலையில்லை. ஒரு பெட்டி மட்டும் எழவில்லை என்றால் செஃப் இயல்பாகப் பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அது போய்விட்டதாக முடிவு கட்டி, அதிலிருந்த டிபி கணக்கான தரவை மற்றவற்றில் மறுபடி எழுதத் தொடங்கும். தை, வைகாசி முகூர்த்த நெருக்கடியில் நீங்கள் தொகுத்துக்கொண்டிருக்கும்போது அதே கேபிளில் இந்தப் போக்குவரத்தும் ஓடும். அக்னி நட்சத்திர வெயிலில் பூட்டிய அறையில் நான்கு பெட்டிகளின் சூடு வேறு.

மூன்றாவது கேள்வி, எழுதப்படாதது. பிரதி வேறு, பேக்கப் வேறு. பரவல் அமைப்பு டிஸ்க் சாவைத் தாங்கும். உங்கள் உதவியாளர் தவறான ஃபோல்டரை அழித்தால் மூன்று பிரதிகளையும் அதே விசுவாசத்தோடு அழிக்கும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் பூட்டினால் மூன்றும் பூட்டப்படும். எஸ்3 பற்றிச் சொல்லப்படும் பதினொரு ஒன்பதுகளும் (தரவு தொலையாமல் இருக்கும் வாய்ப்பு 99.999999999 சதவீதம் என்பது) வடிவமைப்பு இலக்கு. நீங்களே அழித்ததற்கும் கட்டணம் கட்டாமல் கணக்கு மூடப்பட்டதற்கும் அது பொருந்தாது. எல்லாப் பிரதியும் ஒரே அறையில் இருந்தால் ஒரு தீ விபத்துக்கு அது ஒரே பிரதிதான். சரி, சென்னையில் ஒரு பெட்டி வைத்து உடனுக்குடன் எழுதலாமே என்றால், சாலை வழியே 460 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போனாலும் போய்வர ஒவ்வொரு முறையும் குறைந்தது 4.6 மில்லிவினாடி. உள்ளூர் எஸ்எஸ்டி அதற்குள் பத்துப் பதினைந்து முறைக்கு மேல் எழுதி முடித்திருக்கும். தூரத்துப் பிரதி இரவில் நிதானமாகப் போவதே நல்லது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஒரே ஒரு நல்ல பெட்டி வாங்குவேன். இரண்டு டிஸ்க் செத்தாலும் தாங்கும் அமைப்பில் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தைப் போட்டு, தினமும் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுக்கச் செய்வேன். இசட்எஃப்எஸ் ஒவ்வொரு பிளாக்குக்கும் சரிபார்ப்பு எண் வைத்திருப்பதால், டிஸ்க் சத்தமில்லாமல் ஒரு பிட்டைக் கெடுத்தாலும் கண்டுபிடித்து மற்ற டிஸ்க்குகளில் இருப்பதை வைத்துச் சரிசெய்யும். இஎக்ஸ்டி4 உங்கள் காட்சித் தரவுக்கு அதைச் செய்வதில்லை. மிச்சமாகும் பணத்தில் சுவிட்சையும் தொகுப்புக் கணினியின் கார்டையும் 10 கிகாபிட்டுக்கு மாற்றுவேன். கடையில் சொன்ன பழைய கணினிகளில் ஒன்றை வீட்டில் வைத்து இரவில் பிரதி எடுக்கச் செய்வேன். ஒப்படைத்து முடித்த திருமணங்களை இன்னொரு டிஸ்க்கில் ஏற்றி, கேபிளைக் கழற்றி அலமாரியில் வைப்பேன். இணைக்கப்படாத டிஸ்க்கை எந்த ரேன்சம்வேரும் தொடாது. இது என் கணிப்பு, விதி அல்ல. ஒரு பெட்டியில் அடங்காத அளவு, ஒரு மணி நேர நிறுத்தமும் தாங்காத தொழில், ஒரே நேரத்தில் பல பேர் வேலை செய்யும் இடம், பார்த்துக்கொள்ள ஒரு தனி ஆள் எல்லாம் சேர்ந்து வந்தால் நானே செஃப்பைப் பரிந்துரைப்பேன். எத்தனை டிபியில் அந்தக் கோடு விழும் என்பது வேலையின் தன்மையைப் பொறுத்து மாறும்.

ஆசைக்குக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் தாராளமாகச் செய்யுங்கள். மீதி மூன்று பழைய கணினிகளிலும் சின்ன டிஸ்க்குகளைப் போட்டுக் குளஸ்டரை நிறுவி, அழிந்தாலும் பரவாயில்லை என்கிற கோப்புகளை ஏற்றி, நடுவில் ஒரு கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். ஒரு திருமணத்துக்குச் சராசரியாக எத்தனை ஜிபி வருகிறது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் தொகுக்கிறீர்கள், முடிந்த வேலையை எத்தனை ஆண்டு வைத்திருப்பதாக வாடிக்கையாளரிடம் ஒப்புக்கொள்கிறீர்கள் என்ற மூன்றையும் எழுதினால், எந்த அளவு டிஸ்க் எத்தனை வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.